உங்கள் பொக்கிஷம் எங்கே இருக்கிறது? கிராமத்துக் குடும்பங்கள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

பண்ருட்டிக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் நடுவில், முந்திரிக்காடும் பலாத்தோப்பும் சூழ்ந்த ஊரில் பிறந்து, அதே ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள் நான். இருபது வருஷத்துக்கு மேலாக எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். மாதம் ஒருமுறை வீடு வீடாக நடக்கும் குடும்ப ஜெபக்கூட்டத்தில் இந்த வருஷம் மத்தேயு 6ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டோம். ‘உங்கள் பொக்கிஷம் எங்கேயிருக்கிறதோ அங்கே உங்கள் இருதயமும் இருக்கும்’ என்கிற 21ஆம் வசனத்தைத் தாண்டிப் போகவே பல மாதம் ஆனது. கத்தோலிக்க வீடுகளில் இருக்கும் திருவிவிலியத்தில் இதே இடத்தில் ‘செல்வம்’, ‘உள்ளம்’ என்று இருக்கும், பொருள் ஒன்றுதான்.

ஜெபம் முடிந்து காபி டம்ளரோடு உட்கார்ந்திருக்கும்போது வந்த கேள்விகள் இவை. சிலவற்றுக்கு அங்கேயே பதில் சொன்னேன். சிலவற்றுக்கு வீட்டுக்குப் போய் யோசித்து, அடுத்த மாதம் சொன்னேன்.

கேள்வி: சேர்த்துவைக்க வேண்டாம் என்று ஆண்டவர் சொல்லியிருக்கிறாரே. அப்படியென்றால் நிலம் வாங்குவது, நகை எடுப்பது, பேங்கில் போடுவது எல்லாமே தப்பா?

தப்பில்லை. ஆனால் அந்த 19ஆம் வசனத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். பூமியில் சேர்த்து வைத்ததை அழிப்பவை பூச்சி, துரு, கன்னமிடும் திருடர் என்று மூன்றைச் சொல்கிறார் ஆண்டவர். கன்னமிடுவது என்றால் சுவரைத் துளைத்து உள்ளே வருவது. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கும் தோண்டி நுழைவது என்றுதான் அர்த்தம். மண்சுவர் வீட்டில் திருடன் கதவைத் தொடவே மாட்டான், பின்சுவரில் கன்னக்கோல் போடுவான் என்று எங்கள் ஆயா சொல்வார். (எங்கள் பக்கம் பாட்டியை ஆயா என்போம்.) பூச்சி என்பது துணியை அரிக்கும் பூச்சி. பெட்டியில் மடித்து வைத்த பட்டுச் சேலை மடிப்பிலேயே இற்றுப்போவதைப் பார்க்காத வீடு உண்டா? துரு என்று நாம் படிக்கும் சொல்லுக்கு மூலத்தில் ‘தின்பது’ என்று பொருள். குதிரில் இருக்கும் நெல்லைத் தின்னும் வண்டையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம். துணி, தானியம், காசு. ஒரு கிராமத்து வீட்டில் இருக்கக்கூடிய மொத்தச் செல்வமும் இவ்வளவுதான். கலிலேயாவில் இருந்ததும் நம் ஊர் மாதிரி வீடுகள்தான் என்று எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

சேமிப்பையே வேதம் குறை சொல்லவில்லை. எறும்பு கோடைகாலத்தில் சேர்ப்பதைப் பார் என்று நீதிமொழிகள் 6ஆம் அதிகாரம் சொல்கிறது. யோசேப்பு எகிப்தில் ஏழு வருஷ விளைச்சலைச் சேர்த்து வைக்காவிட்டால் அவன் அண்ணன்மார் குடும்பம் பஞ்சத்தில் செத்திருக்கும். அதே சேமிப்பைத்தான் லூக்கா 12ஆம் அதிகாரத்து ஐசுவரியவானும் செய்தான். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்தான். அவனை மட்டும் ஏன் மதிகேடன் என்றார்? அவன் பேச்சைக் கவனியுங்கள். என் தானியம், என் களஞ்சியம், என் பொருள். கடைசியில் பேசுவதும் தன் ஆத்துமாவோடுதான். அந்தக் கதையில் மனைவி இல்லை, பிள்ளை இல்லை, அறுத்துக் கட்டிய கூலியாள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. யோசேப்பின் களஞ்சியம் ஊருக்குத் திறந்தது. இவனுடையது இவனுக்கு மட்டும் திறந்தது. நான் பார்க்கும் வித்தியாசம் அதுதான்.

கேள்வி: எங்கள் வீடு எதைப் பொக்கிஷமாக வைத்திருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் எல்லாரும் ‘கர்த்தர்தான்’ என்று சொல்லிவிடுகிறோம்.

வாய் சொல்வதைக் கை காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில் என்பதால் நாங்கள் எல்லாரும் அப்பா வீட்டில் இருந்தோம். முந்தின ராத்திரியே காற்று ஆரம்பித்துவிட்டது. ஓடு ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு போகிறது. அப்பா பத்திரமும் பட்டாவும் இருந்த பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டார். அம்மா அரிசிப் பானைக்குள் கைவிட்டு நகை டப்பாவை எடுத்தார். நான் பிள்ளையைத் தூக்கினேனா, பிள்ளையின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கினேனா என்று இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது; பையைத்தான் முதலில் எடுத்தேன்.

ஆயா எதையும் எடுக்கவில்லை. எதிர்ச்சாரியில் கூரை வீட்டில் தனியாக இருந்த சின்னம்மாவைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. அவருக்கும் எங்கள் வீட்டுக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. இரண்டு வீட்டுத் தோப்புக் கொல்லைக்கும் நடுவில் வேலியோரம் நின்ற ஒரு பலா மரம் யாருக்கு என்பதுதான் சண்டை. நல்ல மரம், அடியிலேயே காய்க்கும். ‘அவ ஒண்டியா கெடக்கா, போய் கூட்டியாங்கடா, அவ வந்தாதான் நான் உள்ள வருவேன்’ என்று ஆயா நடைவாசலிலேயே நின்றுவிட்டார். தம்பி தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு டார்ச்சோடு போனான். சின்னம்மா வரும்போது உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. கட்டியிருந்தது தொப்பலாக நனைந்திருந்தது. வீட்டில் ஒரு துணி உலர்ந்ததாக இல்லை, ஆயாவின் தகரப் பெட்டிக்குள் இருந்த ஒன்றைத் தவிர. அது அவர் தன் அடக்கத்துக்கு என்று எடுத்து வைத்திருந்த பட்டுச் சேலை. கற்பூர உருண்டை போட்டு, பழைய வேட்டியில் சுற்றி, வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் காட்டி எடுத்து வைப்பார். எங்களைத் தொடவிட மாட்டார். அதை எடுத்துச் சின்னம்மாவுக்குக் கட்டிவிட்டார்.

விடிந்து பார்த்தால் தோப்பில் பாதி மரம் இல்லை. பண்ருட்டி வட்டாரம் முழுக்க அன்றைக்கு முந்திரியும் பலாவும் அப்படித்தான் கிடந்தன. வேலியோரப் பலா வேரோடு பெயர்ந்து எங்கள் கொல்லையிலும் அவர்கள் கொல்லையிலுமாகக் குறுக்கே கிடந்தது.

புயல் ராத்திரி எல்லாருக்கும் வர வேண்டாம். உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த பெரிய சண்டை எதைப் பற்றி என்று யோசித்துப் பாருங்கள். எதற்காக யாரோடு பேசாமல் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். அந்த ‘எது’தான் உங்கள் பொக்கிஷம். அந்த ‘யார்’ அதற்காக நீங்கள் கொடுத்த விலை.

கேள்வி: அண்ணன் தம்பிக்குள் பாகப்பிரிவினைத் தகராறு. ஒரு முழம் வரப்புக்காகக் கோர்ட் வரை போய்விட்டோம். விசுவாசி எப்போதும் விட்டுக்கொடுத்துத்தான் போக வேண்டுமா?

நான் முன்னே சொன்ன ஐசுவரியவான் கதை எந்தச் சந்தர்ப்பத்தில் சொல்லப்பட்டது தெரியுமா? கூட்டத்தில் ஒருவன், ‘போதகரே, ஆஸ்தியை எனக்குப் பாகம் பிரித்துக் கொடுக்கும்படி என் சகோதரனுக்குச் சொல்லும்’ என்று கேட்டான். அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கதையே வந்தது. ஆண்டவர் அவனுக்கு அளந்து கொடுக்கவில்லை. பொருளாசையைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்றார்.

அதற்காக ஏமாந்துபோங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். முதல் வேலையாக நிலத்தை முறையாக அளந்துவிடுங்கள். சர்வேயருக்கு மனுப் போட்டு, புல வரைபடத்தை வைத்து, இரண்டு தரப்பும் நிற்கும்போது கல் ஊன்றச் சொல்லுங்கள். எங்கள் ஊரில் பாதிச் சண்டை அளக்காததால் வருவது. அப்பா காலத்தில் வாய்வார்த்தையாகப் பிரித்தது, பட்டா மாற்றாமல் விட்டது, இதெல்லாம்தான் பிள்ளைகள் தலையில் விடிகிறது. அளந்த பிறகும் ஒரு முழம் இடிக்கிறதென்றால், அப்போது ஆபிரகாமை நினைத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 13இல் அவர்தான் பெரியவர், அழைப்பும் வாக்குத்தத்தமும் அவருக்குத்தான். இருந்தும் லோத்திடம், நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்றார். சகோதரர் நாம், நமக்குள் வாக்குவாதம் வேண்டாம் என்பதுதான் அவர் சொன்ன காரணம். நல்ல தண்ணீர் உள்ள இடம் லோத்துக்குப் போனது. ஆபிரகாம் அதனால் ஏழையாகவில்லை.

கோர்ட்டில் வழக்கு நடக்கும்போதே ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகலாம். போங்கள். அதற்கு எந்த வக்கீலும் தடை சொல்ல மாட்டார்.

கேள்வி: பெண் பிள்ளைகளுக்குச் சீர் செய்து கட்டிக்கொடுத்துவிட்டோம். சொத்திலும் பங்கு கொடுக்க வேண்டுமா?

கொடுக்க வேண்டும். இதில் எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் பொருந்தும். உயில் எழுதாமல் அப்பா இறந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி மூன்றில் இரண்டு பங்கை மகன், மகள் என்ற வித்தியாசமில்லாமல் பிள்ளைகள் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். கல்யாணமான மகள், ஆகாத மகள் என்ற பேச்சும் அதில் இல்லை. நம் வீடுகளில் நடப்பது வேறு. அப்பாவின் முப்பதாம் நாள் ஜெபம் முடிந்த கையோடு அக்கா தங்கைகளைப் பதிவு அலுவலகத்துக்குக் கூட்டிப்போய், பங்கு வேண்டாம் என்று எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். அவர்களும் ‘பொறந்த வீட்டு வாசப்படி வேணும்’ என்று போட்டுவிடுகிறார்கள். வாசல்படிக்கு விலையாக நிலத்தை வாங்குகிறோம் என்பது நமக்கே தெரியும்.

எண்ணாகமம் 27ஆம் அதிகாரத்தை இந்தக் கூட்டத்தில் படித்தபோது பல பெண்கள் முதல்முறை கேட்டதாகச் சொன்னார்கள். செலொப்பியாத் என்பவர் ஆண்பிள்ளை இல்லாமல் இறந்துபோகிறார். அவருடைய ஐந்து பெண்கள் மோசேக்கும் ஆசாரியனுக்கும் சபை முழுவதற்கும் முன்னால் வந்து நின்று, எங்கள் தகப்பன் பேர் ஏன் அற்றுப்போக வேண்டும், எங்களுக்குக் காணியாட்சி கொடுங்கள் என்கிறார்கள். மோசேக்கே பதில் தெரியவில்லை. கர்த்தரிடம் கேட்கிறார். அவர்கள் சொல்வது சரி, கொடு என்று பதில் வருகிறது. அவர்களுக்குச் சகோதரன் இல்லாததால் கிடைத்தது என்று ஒரு பெரியவர் சொன்னார். சரிதான். ஆனால் கேட்ட பெண்களைக் கர்த்தர் கடிந்துகொள்ளவில்லை என்பதும் அங்கேதான் இருக்கிறது.

ஒரு தங்கை மனமார வேண்டாம் என்று சொன்னால் அது அவள் பெருந்தன்மை. அவள் சொல்வதற்கு முன்னால் நாம் பத்திரம் டைப் அடித்து வைத்திருந்தால் அதற்குப் பெயர் வேறு.

கேள்வி: நகையெல்லாம் அடகில் இருக்கிறது. கழுத்து மொட்டையாகக் கோவிலுக்கு வரக் கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள். பிள்ளையின் காலேஜ் ஃபீஸுக்கும், போர் போடவும், மாமியார் ஆபரேஷனுக்கும் போன நகை வேலை செய்கிற நகை. பீரோவில் தூங்குகிற நகையைவிட அது நன்றாகவே இருக்கிறது. நகைக்காக வாரக் குழு லோன் எடுத்துத் தவணைக்கு முந்திரி உடைக்கப் போகிற பெண்களைப் பார்க்கும்போதுதான் எனக்கு வயிறு எரிகிறது.

கேள்வி: கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போது விசுவாசம், குணம் என்று ஆரம்பிக்கிறோம். கடைசியில் சாதியிலும் சவரனிலும் போய் நிற்கிறோம். என்ன செய்வது?

இதைக் கேட்ட பெண்ணுக்கு வயது இருபத்து நான்கு. அம்மாவும் அப்பாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். அந்தத் தைரியத்துக்கு நான் ஸ்தோத்திரம் சொன்னேன்.

திருவிருந்தில் ஒரே அப்பத்தைப் பிட்டு, ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு வெளியே வந்து, ‘அவங்க வேற’ என்று சொல்கிறோம். ஊர்க் கல்லறையில் எந்தப் பக்கம் யாருக்கு என்று இன்றைக்கும் பேச்சு வருகிறது. கலாத்தியர் 3:28ஐ மனப்பாட வசனமாக நானே எத்தனையோ பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறேன். யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து வரன் தேடும்போது நாம் தரும் விளம்பரத்தில் முதல் வரி சாதி. நாம் எதைப் பூட்டி வைத்துக் காவல் காக்கிறோமோ அது பொக்கிஷம் என்றால், நம் சபைகளில் இரும்புப் பெட்டிக்குள் இருப்பது இதுதான். மனது வலித்துத்தான் சொல்கிறேன்.

சவரன் விஷயம் இன்னும் எளிது. வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் 1961இலிருந்து சட்டப்படி குற்றம். ‘நாங்க எதுவும் கேட்கல, உங்க பொண்ணுக்கு நீங்க போடுறது’ என்று சொல்லும் வீட்டுக்கு, நன்றி, நாங்கள் எதுவும் போடவில்லை என்று பதில் சொல்லிப் பாருங்கள். எந்த மாதிரி வீடு என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். மாடி கட்டிக் கொடுத்தான், டைல்ஸ் போட்டான், மாதாமாதம் பணம் வருகிறது. ஆனாலும் வீடு வெறிச்சென்று இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்வது நன்றிகெட்டதனமா?

இல்லை அம்மா. பிள்ளையைத் தேடுவது நன்றிகெட்டதனம் ஆகாது.

நம் ஜில்லாவில் தெருவுக்கு நாலு வீடு இப்படி இருக்கிறது. கீழே ஹாலில் சோபா மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை, அப்பாவும் அம்மாவும் பழைய திண்ணையிலேயே பாய் போட்டுப் படுக்கிறார்கள். மகனும் அங்கே டார்மிட்டரியில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டு இந்த வீட்டின் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பான். வீட்டைக் கட்டியவனும் அதில் இல்லை, யாருக்குக் கட்டினானோ அவர்களும் அதில் இல்லை. குற்றம் யார் மேலும் இல்லை. போனால்தான் கடன் அடையும் என்று நாம்தான் ஜெபம் பண்ணி, எண்ணெய் பூசி அனுப்பினோம்.

அனுப்பிய பிறகு நாம் போனில் என்ன பேசுகிறோம் என்று மட்டும் பாருங்கள். ‘பணம் வந்துச்சுப்பா’, ‘சென்ட்ரிங் பிரிச்சாச்சு’, ‘சித்தப்பா மகன் கார் வாங்கிட்டான்’. சாப்பிட்டாயா என்பதைத் தவிர எல்லாம் காசுக் கணக்கு. ஒரு தகப்பனாரிடம், ‘போதும், இந்த அக்ரிமென்ட் முடிந்ததும் வந்துடு, நெல்லு விளையுது, பார்த்துக்கலாம்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள் என்றேன். சொன்னாராம். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லையாம்.

இதற்கு எதிரான கேஸும் உண்டு. உள்ளூரிலேயே இருந்துகொண்டு, சபைக்கு ஜெனரேட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டு, பெற்ற தாய்க்கு மருந்து வாங்கித் தராதவர்கள். மாற்கு 7ஆம் அதிகாரத்தில் கொர்பான் என்று ஒரு வழக்கத்தை ஆண்டவர் கடுமையாகக் கண்டிக்கிறார். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதைத் தேவனுக்குக் காணிக்கை என்று சொல்லித் தப்பிப்பது. அதைத்தான் இவர்களும் செய்கிறார்கள். பிள்ளைக்கு எல்லாவற்றையும் செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டு நிற்கும் பெரியவர்களுக்கு ஒரு விஷயம்: 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனுக் கொடுக்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பத்திரத்தையே ரத்து செய்யக் கேட்கலாம். ஆகவே எழுதும்போதே அந்த நிபந்தனையைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். பிள்ளை மேல் நம்பிக்கையில்லாத்தனம் என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: குடும்ப ஜெபத்துக்கு யாரும் உட்காருவதில்லை. ஒருத்தர் சீரியல், ஒருத்தர் செல்போன்.

எங்கள் அம்மாவும் எங்களை உட்கார வைத்ததில்லை. சித்திரை வைகாசியில் முந்திரிக்கொட்டை வந்துவிட்டால் வாசலில் எல்லாரும் வட்டமாக உட்காருவோம். வறுத்த கொட்டையைக் கல்மேல் நிறுத்தி, கட்டையால் ஒரு தட்டு. பலமாகத் தட்டினால் பருப்பு நொறுங்கும், மெல்லத் தட்டினால் ஓடு பிளக்காது. ஓட்டுப் பால் பட்டால் தோல் வெந்து உரியும் என்பதால் பக்கத்தில் சாம்பல் கிண்ணம் இருக்கும். விரல் நுனியெல்லாம் கருத்துப்போகும். அந்தத் தட்டுச் சத்தத்துக்கு நடுவில் அம்மா ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்று ஆரம்பிப்பார். அடுத்த வரியை அடுத்த ஆள் சொல்ல வேண்டும். சொல்லாதவர் பங்குக்கு ஒரு கை கொட்டை கூடுதலாகத் தள்ளப்படும். 23, 91, 121 என்று சங்கீதங்கள் எனக்கு அப்படித்தான் மனப்பாடம். இன்றைக்கும் 121ஐச் சொன்னால் மூக்கில் அந்தப் புகை வாசனை வருகிறது.

உபாகமம் 6:7 வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும், வழியில் நடக்கிறபோதும், படுத்துக்கொள்ளுகிறபோதும், எழுந்திருக்கிறபோதும் பேசச் சொல்கிறது. ஏழு மணிக்கு எல்லாரும் ஹாலுக்கு வர வேண்டும் என்று அதில் இல்லை. கீரை ஆயும்போது பேசுங்கள். பைக்கில் பின்னால் உட்கார வைத்து டியூஷனுக்குக் கொண்டுபோகும்போது பேசுங்கள். திட்டி உட்கார வைத்த ஜெபம் பிள்ளைக்குக் கசக்கும்.

கேள்வி: வட்டி கட்டவே வழியில்லை. தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கொடுக்காவிட்டால் ஆசீர்வாதம் நின்றுவிடும் என்கிறார்கள். கடன் வாங்கியாவது கொடுக்கலாமா?

கூடாது. மாற்கு 12இல் ஏழை விதவை இரண்டு காசு போட்டதை எல்லாரும் பிரசங்கம் பண்ணுகிறோம். அதற்குச் சரியாக மேலே இருக்கும் 40ஆம் வசனத்தில், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரைக் குறித்து ஆண்டவர் எச்சரிக்கிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவள் தன்னிடம் இருந்ததைப் போட்டாள், வட்டிக்கு வாங்கிப் போடவில்லை.

அம்மா உலையில் போட அரிசி அளந்ததும் அதிலிருந்து ஒரு பிடியைத் திரும்ப எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார். பிடி அரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். சில வாரம் ஏலம் விடுவார்கள், சில வாரம் அரிசி இல்லாத வீட்டுக்குப் போகும். அரைப் படி அளந்த நாளில் பிடி சின்னதாக இருக்கும். எங்கள் வீட்டுக்கே அந்தக் கலயத்து அரிசி வந்த வாரங்களும் உண்டு.

கேள்வி: என் வீட்டுக்காரர் குடித்துவிட்டு அடிக்கிறார். பொறுத்துக்கொள், குடும்பம்தான் பொக்கிஷம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

நீங்களும் அந்தக் குடும்பத்தில் ஒருவர். அடிபடுவதைக் கர்த்தர் கேட்கவில்லை. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று 1 கொரிந்தியர் 6:19 சொல்வது உங்களையும் சேர்த்துத்தான். கை ஓங்கும் நாளில் பிள்ளைகளோடு வெளியே வந்துவிடுங்கள், நம்பிக்கையான ஒரு வீட்டை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொள்ளுங்கள். 181 என்ற எண் பெண்களுக்கான உதவி எண், எந்த நேரமும் கூப்பிடலாம். 2005ஆம் வருஷத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் நீங்கள் வாழும் வீட்டிலிருந்து உங்களைத் துரத்த முடியாதபடி பாதுகாப்புத் தருகிறது. அவருக்காக ஜெபிப்பதை நிறுத்த வேண்டாம். பத்திரமான இடத்திலிருந்து ஜெபியுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்டவரை அன்றைக்கு நாங்கள் நாலு பேர் வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டோம், தனியாக விடவில்லை.

கேள்வி: ஊரில் மற்ற மதத்தவர்களோடு எவ்வளவு ஒட்டி வாழலாம்?

எவ்வளவு என்று அளந்து ஒட்ட முடியாது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழைக்குப் பிறகு தென்பெண்ணையில் வெள்ளம் வந்ததே, அப்போது எங்கள் ஜெபக்குழுப் பெண்கள் இந்துக் கோயில் மண்டபத்தில் நின்று மற்றப் பெண்களோடு சேர்ந்து சாம்பார் சாதம் கிண்டினோம். யாருக்கும் விசுவாசம் குறையவில்லை. பக்கத்தில் வடலூரில் 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிந்து சோறு போடுகிறது. ‘பசியாயிருந்தேன், எனக்குப் போஜனங்கொடுத்தீர்கள்’ என்று மத்தேயு 25இல் படிக்கிற நமக்கு அந்த அடுப்பின்மேல் மரியாதை வராவிட்டால்தான் கேள்வி.

கேள்வி: எங்களிடம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு என்ன விட்டுப்போவது?

எழுதி வையுங்கள். வீட்டு பைபிளின் முன்பக்கத்து வெற்றுத் தாள் அதற்குத்தான் இருக்கிறது. யார் எப்போது பிறந்தார், யார் ஞானஸ்நானம் கொடுத்தார், எந்த வருஷம் எந்த ஊரிலிருந்து வந்தோம். பக்கத்தில் இருக்கும் தரங்கம்பாடியில் 1715இலேயே புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. முந்நூறு வருஷத்துக்கு மேலாக நம் கைக்குப் புத்தகம் வந்துகொண்டிருக்கிறது. அதில் நம் வீட்டுப் பெயரையும் நாலு வரி எழுதி வைத்தால் என்ன? பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். எழுத்துப்பிழை இருந்தால் இருக்கட்டும்.

எங்கள் ஆயா பள்ளிக்கூடம் போனதில்லை. சபை நடத்திய இரவுப் பள்ளியில் வேத வசனத்தை வைத்து எழுத்துக் கற்றுக்கொண்டவர். எழுத்து ஒவ்வொன்றும் கோலப் புள்ளி மாதிரி தனித்தனியாக நிற்கும். பசு கன்று போட்டதிலிருந்து தாத்தா இறந்தது வரை அவர் பைபிளில் பென்சிலால் எழுதியிருக்கிறார். அவர் போன பிறகு நான் அதைத் திறந்து பார்த்தேன். 30.12.2011 என்று போட்ட இடத்தில் ஓடு போனதைப் பற்றி ஒன்றும் இல்லை. முந்திரி எத்தனை மரம் போனது என்றும் இல்லை. இரண்டு வரிதான் இருந்தது: ‘புயல். எதிர்வீட்டுக்காரி நம்ம வீட்டில் படுத்தாள். என் சேலை அவளுக்கு நல்லா இருந்தது.’